சாய்ஸில் விட்டது

சென்ற வாரக் கருத்தரங்கில் நான் ஏன் ஆறு நிமிடம் மட்டுமே பேசினேன் என்று இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள். அன்றாடம் புழங்கும் ஓர் ஆங்கிலச் சொல்லை எடுத்துக்கொண்டு, அதன் பொருளையும் நம் பேச்சில் அது நடமாடும் விதத்தையும் இருபது நிமிடம் விளக்க வேண்டும் என்பது பேராசிரியர் தந்த வேலை. சீட்டுக் குலுக்கியதில் எனக்கு வந்த சொல் ‘சாய்ஸ்’. தேர்ந்தெடுக்கும் செயல், தேர்ந்தெடுக்கும் உரிமை, தேர்ந்தெடுத்த பொருள் என்று அகராதி தரும் மூன்றையும் வரிசையாகச் சொன்னேன். சில எடுத்துக்காட்டுகள் தந்தேன். நன்றி கூறி உட்கார்ந்துவிட்டேன். கூச்சம் என்று நினைத்தீர்கள். உங்களில் ஒருத்தி, "இவ்ளோ ஈஸியான வார்த்த கெடைச்சும் கோட்ட விட்டுட்டியேடி" என்று வருத்தப்பட்டாள்.

மீதிப் பதினான்கு நிமிடங்களில் சொல்லியிருக்க வேண்டியதை இங்கே எழுதுகிறேன்.

அகராதியில் இல்லாத ஒரு பொருள் அந்தச் சொல்லுக்கு இருப்பது நம் எல்லோருக்கும் தெரியும். ‘அந்தப் பாடத்தை சாய்ஸில் விட்டுவிட்டேன்’ என்று சொல்லாமல் இங்கே பள்ளிப் படிப்பை முடித்தவர் எவருமில்லை. எட்டு வினாக்கள் தந்து ஐந்துக்கு விடையெழுதச் சொல்கிறார்கள். எழுதிய ஐந்துக்கு நாம் பெயர் வைக்கவில்லை. எழுதாமல் விட்ட மூன்றைத்தான் அந்தச் சொல்லால் அழைக்கிறோம். இந்தச் சொல்லை நான் முதன்முதலில் கவனித்தது ஐந்தாம் வகுப்புப் படித்தபோது, மரக்காணத்தில். என் அக்கா அந்த ஆண்டு பத்தாம் வகுப்பு.

பொங்கல் கழிந்து உப்பளங்களில் தண்ணீர் கட்டத் தொடங்கிய சமயம் அப்பாவின் வலது காலில் கட்டுப் போட்டிருந்தது. சிப்பி கிழித்த சின்னக் காயம்தான். சர்க்கரை நோய் இருந்ததால் ஆறாமல் உள்ளே புரையோடிவிட்டது. உப்புத் தண்ணீரில் கால் படவே கூடாது என்று புதுச்சேரி ஆஸ்பத்திரியில் சொல்லியனுப்பினார்கள்.

எங்கள் பக்கத்து உப்பளத்தில் வேலைக்குத் தனி ஆளை எடுக்க மாட்டார்கள், ஜோடியாகத்தான் எடுப்பார்கள். ஒருவர் பாத்தியில் இறங்கி உப்பை வாரிக் குவிக்க, மற்றவர் அதைக் கூடையில் சுமந்துபோய் மேட்டில் கொட்ட வேண்டும். இன்ன ஜோடிக்கு இன்ன பாத்திகள் என்று மேஸ்திரி தை மாதம் பிரித்துவிட்டால், ஐப்பசி மழை வரை அவை அந்த ஜோடியின் பொறுப்பு. ஜோடியில் ஒருவர் நின்றால் பாத்திகள் வேறு ஜோடிக்குப் போகும். மேட்டில் குவித்த உப்பும் லாரி வந்து ஏற்றும்வரை அவர்கள் பொறுப்புதான். இடையில் மழை வந்து கரைத்துவிட்டால் அது வாராத உப்பு, கூலி கிடையாது.

மேஸ்திரி வீட்டுக்கே வந்து வாசலில் நின்றார்.

"ஏம்பா, உன் பாத்திய என்னா பண்றது? ரெண்டு பேரு கேட்டுகினு கெடக்குறாங்க."

அப்பா தன் கால் கட்டைப் பார்த்தார். அம்மா குண்டானைத் தேய்ப்பதை நிறுத்தாமலே சொன்னாள்: "பெரியவ வருவா."

"பத்தாவது படிக்கிற புள்ளம்மா அது."

"காலைல மட்டும்தான? எட்டு மணிக்கெல்லாம் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிடுவேன்."

அக்கா அதே அறையில்தான் இருந்தாள். இங்க் பேனாவைக் கழற்றி, நிப்பைத் தனியாக எடுத்து, ஒரு கிண்ணத்துத் தண்ணீரில் அலசிக்கொண்டிருந்தாள். தண்ணீர் நீலமாகிக்கொண்டிருந்தது. அவளிடம் யாரும் கேட்கவில்லை. கேட்காததை அவளும் குறையாக எடுத்துக்கொண்டதாகத் தெரியவில்லை. "எந்தப் பாத்தி? ரோட்டோரம் இருக்கிறதா?" என்று மட்டும் கேட்டாள். ரோட்டோரப் பாத்தி என்றால் பள்ளிக்குப் போகும் பிள்ளைகள் பார்ப்பார்கள்.

ரோட்டோரம்தான்.

விடிகிற நேரத்தில் பாத்திகள் ஈய நிறத்தில் இருக்கும். வெளிச்சம் ஏற ஏறத் தண்ணீருக்கடியில் உப்பு வெளுத்துத் தெரியும். அக்கா அப்பாவின் முழுக்கைச் சட்டையைப் பாவாடைக்கு மேல் மாட்டி, தலையில் துண்டு கட்டி, நீண்ட காம்பு பொருத்திய பலகையால் உப்பை இழுப்பாள். உடைந்த கண்ணாடியைக் கூட்டிப் பெருக்குவது போல ஒரு சத்தம் எழும். விடுதியில் போன மாதம் யாரோ கண்ணாடித் தம்ளரைக் கீழே போட்டு, அதைத் துடைப்பத்தால் கூட்டியபோது நான் எழுந்து வெளியே போனேன். காரணம் இந்தச் சத்தம்தான், வேறொன்றும் இல்லை.

அவள் கை இரண்டும் பலகையில் இருந்ததால் புத்தகம் என் கையில் இருந்தது. வரப்பில் ஒரு சாக்கை விரித்து உட்கார்ந்து, பாடங்களை உரக்கப் படிப்பது என் வேலை. அவள் உப்பை இழுத்துக்கொண்டே ஒவ்வொரு வரியையும் திரும்பச் சொல்வாள். அம்மா கூடையுடன் போவதும் வருவதுமாக இருப்பாள். பழுப்புத் தாள் அட்டை போட்ட சமூக அறிவியல் புத்தகம் எனக்கு இன்னும் கையில் இருப்பது போலவே இருக்கிறது. பனியில் அதன் பக்கங்கள் தளர்ந்து கிடக்கும். வெயில் ஏறியதும் அப்பளம் போல விறைக்கும். நாக்கில் விரலைத் தொட்டுப் பக்கம் திருப்பினால் வாயெல்லாம் கரிக்கும். மாசி முடிவதற்குள் என் உதடு இரண்டு இடத்தில் வெடித்துவிட்டது.

வரைபடத்துக்கு மட்டும் புத்தகம் தேவைப்படவில்லை. உப்பு வாரி முடித்த பாத்தியோரத்துக் களிமண்ணில், பலகைக் காம்பின் நுனியால் அவள் இந்தியாவின் கரையை ஒரே கோட்டில் இழுப்பாள். நான் துறைமுகங்களின் பெயரைச் சொல்லச் சொல்ல, கட்டை விரலால் ஒவ்வொன்றுக்கும் ஒரு குழி வைப்பாள். முடிந்ததும் கிழக்குக் கரையில், கேட்காமலே, நகநுனியால் ஒரு சிறு புள்ளி வைத்து, "இது நாம" என்பாள். சிறிது நேரத்தில் குழிகளில் தண்ணீர் ஊறிவிடும்.

ஒருநாள் அவள் வரப்பில் மறந்துவிட்டுப் போன ஜாமெட்ரி பாக்ஸைக் கொடுக்க அவள் வகுப்புக்குப் போனேன். அவளை எழுப்பி நிற்க வைத்திருந்தார்கள். சமூக அறிவியல் டீச்சர் நான்கு பக்க ஜெராக்ஸ் ஒன்றை அவள் மேசைமேல் வைத்துப் பேசிக்கொண்டிருந்தார்.

"இங்க பாரும்மா. மேப்பு, கோடிட்ட இடம், அப்புறம் இந்த ஆறு பாடம். இது போதும், பாஸ் பண்ணிடலாம். மீதிய சாய்ஸ்ல விட்டுடு."

"எல்லாத்தையும் படிச்சிடுறேன் டீச்சர்."

"க்ளாஸ்ல முழிச்சிகிட்டு இருக்கவே உன்னால முடியல. எல்லாத்தையும் படிக்கிறியா?"

வகுப்பு சிரித்தது. மெல்லக் கற்கும் மாணவர் பட்டியலில் அக்காவின் பெயரைச் சேர்த்திருந்தார்கள். டீச்சர் கெட்டவர் இல்லை. சிரித்தவர்களை அதட்டிவிட்டு, அக்காவின் தோளில் கை வைத்து, "உன் நல்லதுக்குத்தான்டா சொல்றேன்" என்றார். அவள் பாதங்களில் வெள்ளையாக வரி வரியாகப் பூத்திருந்ததை அவரும் பார்த்திருப்பார். வறட்சிக்குத் தேங்காய் எண்ணெய் தடவச் சொல்லியிருக்கக்கூடும். தூக்கத்தையும் மந்தத்தையும் வேறுபடுத்திப் பார்க்க நாற்பத்தாறு பிள்ளைகள் உள்ள வகுப்பில் அவருக்கு நேரம் இருந்திருக்காது என்று இன்று நினைத்துக்கொள்கிறேன். அன்று, அக்காவை மக்கு என்று சொல்லிவிட்டார்கள் என்பது மட்டுமே எனக்குப் புரிந்தது. அந்தப் புது வார்த்தையும்.

மறுநாள் வரப்பில் அவளிடம் கேட்டேன்: "சாய்ஸ்னா என்னா?"

"வேணான்னு விடறது."

"வேணான்னா எதுக்குப் புத்தகத்துல போட்டாங்க?"

"வேணுங்கிறவங்களுக்கு." பலகையை நிறுத்தாமல் சொன்னாள். "எனக்கு எல்லாம் வேணும். நீ படி."

அவளுக்கு வெறும் தேர்ச்சி போதாது. அப்பாவின் காலுக்கு எக்ஸ்ரே எடுத்த அன்று அவளும் உடன் போயிருந்தாள். கண்ணாடிக்குப் பின்னால் நின்று, பொத்தானை அழுத்தி, வெளியே வந்து, "எலும்பு நல்லா இருக்குது, பயப்படாதீங்க" என்று சொன்ன பெண்ணைப் பற்றி ஒரு மாதம் பேசினாள். அந்தப் படிப்புக்குப் பதினொன்றில் உயிரியல் பிரிவு வேண்டும். அதற்குப் பத்தில் எந்தப் பாடத்திலும் தவறக் கூடாது. "உள்ள இருக்கிறத வெளிய இருந்தே பாக்குறாங்கடி" என்பாள். அதற்கு மேல் அவளுக்கு விளக்கத் தெரியவில்லை.

இரண்டாம் உலகப் போர் பாடம் பதினொரு பக்கம். அதுவரை வந்த பாடங்களில் ஊர்ப் பெயர்கள் என் வாயில் நுழைந்தன. இதில் ஒன்றும் நுழையவில்லை. ஒரு நகரத்தின் பெயரை நான் மூன்று முறை மூன்று விதமாகப் படித்தபோது, வரப்பில் நடந்து வந்த மேஸ்திரி நின்றுவிட்டார்.

"என்னா ஊரும்மா அது? இன்னொரு வாட்டி சொல்லு."

சொன்னேன்.

"பெருமுக்கல் தாண்டியா, இந்தாண்டயா?"

அடுத்த பாத்தியில் இருந்தவர்கள் சிரித்தார்கள். "ஏய், அந்த ஊருக்கு பஸ்ஸு எத்தினி மணிக்குன்னு கேளுடி" என்று ஒருத்தி கூவினாள். அம்மாவும் கூடையை இறக்கிவிட்டுச் சிரித்தாள். அன்று முழுக்க யார் என்னைக் கடந்து போனாலும் அந்த ஊரைக் கொச்சையாகச் சொல்லிவிட்டே போனார்கள். எனக்குக் காது எரிந்தது. உதட்டு வெடிப்பிலிருந்து இரத்தம் கசிந்தது.

மறுநாள் புத்தகத்தைத் திறந்து, அந்தப் பதினொரு பக்கங்களையும் சேர்த்துப் பிடித்துத் திருப்பி, அதற்கு அடுத்த பாடத்தை எடுத்தேன்.

"போர் பாடம் முடியலயே?" என்றாள் அக்கா.

"முடிஞ்சிடுச்சி. நேத்தே படிச்சிட்டோம்."

பலகை நின்றது. அவள் என்னை ஒரு கணம் பார்த்தாள். பிறகு "சரி, அடுத்தது படி" என்றாள். உப்பு மீண்டும் இழுபட்டது.

இப்படியாக, என் பத்தாம் வயதில், இன்னொருத்திக்காக ஒரு பாடத்தை நான் சாய்ஸில் விட்டேன்.

சமூக அறிவியல்தான் கடைசித் தேர்வு. பொதுத்தேர்வு நாள்களில் சிறு வகுப்புகளுக்குப் பிற்பகலில்தான் பள்ளி என்பதால் காலையில் நான் அம்மாவுடன் அளத்தில் இருந்தேன். அந்த வாரம் முழுக்க வாரிய உப்பு மேட்டில் ஓர் ஆள் உயரத்துக்கு நின்றது. மறுநாள் லாரி வருவதாக இருந்ததால் அதை இன்னும் ஓலை போட்டு மூடவில்லை. காலைக்கும் உச்சிப் பொழுதுக்கும் இடையில் காற்று திடீரென்று நின்றது. தண்ணீர் இறைக்கும் என்ஜினின் சத்தம் மட்டும் பெரிதாகக் கேட்டது. நிமிர்ந்து பார்த்தால் தெற்கே, கூனிமேட்டுப் பக்கம், கடலின்மேல் வானம் கறுத்து எழுந்துகொண்டிருந்தது.

பங்குனியில் மழை வருவது அரிது. வந்தால் அரை மணி நேரத்தில் ஒரு வாரத்தைக் கரைத்துவிட்டுப் போகும். மேஸ்திரி கையை வீசிக்கொண்டு வரப்பின்மேல் ஓடினார். "மூடுங்க, மூடுங்க, அவங்கவங்கள்த மூடுங்க!" எல்லா ஜோடிகளும் அவரவர் மேட்டுக்கு ஓடின. எங்கள் மேட்டில் அம்மாவும் நானும். ஓலைக் கட்டு ஒன்றை அம்மா ஒரு முனையில் தூக்க, மறுமுனையை என்னால் முழங்கால் உயரத்துக்குமேல் எழுப்ப முடியவில்லை. "தூக்குடி, தூக்குடி" என்று அம்மா கத்தினாள். கத்தல் அழுகையாக மாறிக்கொண்டிருந்தது.

அப்போது ரோட்டிலிருந்து அக்கா ஓடி வந்தாள். யூனிஃபார்ம் சுடிதார், துப்பட்டாவை இடுப்பில் இறுக்கியிருந்தாள், செருப்பு இரண்டும் கையில். ஹால் டிக்கெட்டை என்னிடம் நீட்டி, "நனையாம வெச்சிக்கோ" என்றாள். பிறகு நான் தூக்க முடியாத முனையை அவள் தூக்கினாள். அடியிலிருந்து மேலாக வரிசை வரிசையாக ஓலைகளை அடுக்கினார்கள். காற்று திரும்பி வேகமெடுத்தது. கடைசி வரிசை போட்டதும் அக்கா உப்பின்மேலேயே குப்புறப் படுத்து ஓலைகளை அணைத்துப் பிடித்துக்கொள்ள, அம்மாவும் நானும் சுற்றிலும் கல் வைத்தோம்.

மழை பெய்யவில்லை. கருமை எங்கள் தலைக்குமேல் வந்து, சிறிது தயங்கி, அப்படியே கடலுக்குள் நகர்ந்துவிட்டது. ஒரு சொட்டு விழவில்லை. பத்து நிமிடத்தில் பழைய வெயில்.

"நல்லா ஓட வுட்டுப் பாத்துட்டுப் போயிட்டான்பா" என்று மேஸ்திரி வானத்தைப் பார்த்துச் சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள். மூச்சு வாங்கிக்கொண்டு சிரிக்கிற சிரிப்பு.

அம்மா முந்தானையால் அக்காவின் முகத்தைத் துடைத்தாள். "பரீட்சை முடிஞ்சிடுச்சாம்மா?"

"முடிஞ்சிடுச்சி."

"நல்லா எழுதினியா?"

"எழுதினேன்."

நான் தயங்கிக் கேட்டேன்: "போர் பாடம் வந்துச்சா?"

"வந்துது. கட்டாயக் கேள்வி."

எட்டில் ஐந்து என்ற கணக்கு அங்கே செல்லாது. கட்டாயம் என்றால் விட முடியாது. என் கையில் ஹால் டிக்கெட் வியர்வையில் நைந்துகொண்டிருந்தது. அதற்குமேல் நான் எதையும் கேட்கவில்லை. அவளும் வானத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வெகுநேரம் கழித்துத்தான் மற்றப் பிள்ளைகள் ரோட்டில் கூட்டமாக வந்தார்கள். கடைசித் தேர்வு என்பதால் ஒருவர்மேல் ஒருவர் இங்க் தெளித்து, சட்டையும் முகமும் நீலமாகக் கூச்சலிட்டுக்கொண்டு போனார்கள். அம்மா அக்காவின் சுடிதாரைத் தடவிப் பார்த்து, "நல்லவேள, நீ இந்தக் கூத்தெல்லாம் அடிக்காம வந்துட்ட. சின்னவளுக்கு ஆவும்" என்றாள். அந்தச் சுடிதாரைப் பின்னால் நான் மூன்று ஆண்டுகள் உடுத்தினேன். அதில் ஒரு கறை கிடையாது.

தேர்வு முடிவு வந்தபோது அக்கா மற்ற நான்கு பாடங்களிலும் அறுபதுக்குமேல் வாங்கியிருந்தாள். சமூக அறிவியலில் முப்பத்தொன்று. இன்னும் நான்கு வேண்டும்.

டீச்சர் என்னைக் கூப்பிட்டு வருத்தத்தோடு சொன்னார்: "நான் அப்பவே சொன்னேனே பாப்பா. விட வேண்டியத விட்டிருந்தா பாஸாயிருப்பா." ஜூனில் மறுதேர்வு உண்டு, படிவத்தில் அப்பாவிடம் கையெழுத்து வாங்கி வா என்று கொடுத்தனுப்பினார். படிவத்தை நான் அளத்துக்கே எடுத்துப் போனேன். வெயிலின் உச்சக் காலம் அது. உப்பு நன்றாக விளையும். அம்மா கூடையுடன் நின்றாள். அப்பா கட்டுப் போட்ட காலை நீட்டி மேட்டு நிழலில் உட்கார்ந்திருந்தார். மேஸ்திரி அருகில் இருந்தார்.

"எழுதுறியாம்மா?" என்று அப்பா கேட்டார். குரலில் அன்புதான் இருந்தது. அவள் வாழ்க்கையில் அவர் அவளிடம் கேட்ட முதல் கேள்வி அதுவாகத்தான் இருக்கும்.

பாத்திக்குள் முழங்கால் வரை உப்புத் தண்ணீரில் நின்றவள் அப்பாவின் காலைப் பார்த்தாள். அம்மாவின் தலையிலிருந்த சும்மாட்டைப் பார்த்தாள்.

"வேணாம்பா."

"அவதான் வேணாங்கிறா" என்று அப்பா மேஸ்திரியிடம் திரும்பினார். "நம்ம என்னா பண்றது? அவ சாய்ஸு."

படிப்பறிவு அதிகம் இல்லாத என் அப்பா அந்தச் சொல்லை எங்கே கற்றார் என்று தெரியாது. இலக்கணப்படி அவர் சொன்னதில் பிழை எதுவும் இல்லை. கேட்டார்கள், அவள் பதில் சொன்னாள். எந்த இடத்தில் நிற்க வைத்து, யார் யாரைச் சுற்றி உட்கார வைத்து, எந்த மாதத்தில் கேட்டார்கள் என்பதற்கு அகராதியில் இடமில்லை.

ஆடியில் அப்பாவின் கால் ஆறியது. அவர் பாத்திக்குத் திரும்பினார். அக்கா புதுச்சேரியில் ஒரு துணிக்கடைக்கு வேலைக்குப் போனாள். எக்ஸ்ரே பற்றிப் பிறகு பேசியதே இல்லை. உறவினர்கள் அவளைப் பற்றி, "பெரியவளுக்குப் படிப்பு ஏறல, சின்னவ கெட்டிக்காரி" என்றார்கள். அந்தப் பேச்சு வரும்போதெல்லாம் நான் எழுந்து போய்விடுவேன். அடக்கம் என்று நினைத்தார்கள். அந்தப் புத்தகத்தை வீட்டில் எவ்வளவோ தேடினேன். கூரைக் கீற்று மாற்றும்போது பழைய காகிதங்களோடு போயிருக்க வேண்டும்.

நான் எந்தத் தேர்விலும் எந்தப் பாடத்தையும் விடாமல் படிப்பதை நீங்கள் கேலி செய்வீர்கள். ஐந்துக்கு எட்டும் எழுதிவிட்டு வருகிறவள் என்று எனக்குப் பெயர். காரணம் இதுதான். பதினொரு பக்கத்தால் ஒருத்தியின் வாழ்க்கையைத் திருப்பிவிட்டவளுக்கு வேறு வழி தெரியவில்லை.

சீட்டில் அந்தச் சொல் வந்த மறுநாள் அக்காவின் கடைக்குப் போனேன். அவளுக்கு இப்போது ஐந்து வயதில் மகன் இருக்கிறான். இன்றும் மரக்காணத்திலிருந்து காலை பஸ்ஸில்தான் வேலைக்கு வருகிறாள். புடவைப் பிரிவில் ஓர் அம்மாள் முன்னால் முப்பது புடவைகளை விரித்துப் போட்டிருந்தாள்.

"புடிக்கலன்னா உடுங்கக்கா, சாய்ஸ் நெறைய இருக்குது. பாக்குறதுக்குக் காசா பணமா?"

அந்த அம்மாள் எதையும் எடுக்காமல் போனார். அக்கா ஒவ்வொன்றாக மடிக்கத் தொடங்கினாள். எதிரே உட்கார்ந்து நானும் ஒரு முனையைப் பிடித்தேன்.

"அக்கா, உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். அந்தப் போர் பாடத்த நான் உனக்குப் படிக்கவே இல்ல. படிச்சிட்டோம்னு பொய் சொன்னேன்."

"எந்தப் போரு?"

"ரெண்டாவது உலகப் போர்."

அவள் என்னைப் பார்த்துச் சிரித்தாள். "இதுக்கா மூஞ்சிய இப்பிடி வெச்சிகினு வந்த? நான் யாருக்கோ என்னாவோ ஆயிடுச்சின்னு பயந்துட்டேன்."

"அதுதான கட்டாயக் கேள்வி? அதாலதான நீ ஃபெயிலான?"

"அத எழுதினேன்டி, ரெண்டரைப் பக்கம். டீச்சர் நடத்தும்போது நான் எங்க தூங்கினேன்? கண்ணத்தான் மூடிகினு இருந்தேன். காது தொறந்துதான இருந்துது."

என் கையில் இருந்த புடவை முனை நழுவியது. அவள் அதை எடுத்து மறுபடியும் என்னிடம் கொடுத்தாள்.

"அப்புறம் எப்பிடி முப்பத்தொண்ணு?"

அவள் இரண்டு புடவை மடித்தாள்.

"பெரிய கேள்வி கொஞ்சம் பாக்கி இருந்துது, மேப்பும் போடல, அது போட்டிருந்தாலே பாஸு. நல்லா வர்றதாச்சே, கடைசில போட்டுக்கலாம்னு வெச்சிருந்தேன். மாடில ஜன்னலாண்ட சீட்டு. தெக்க இருட்டிகினு வந்துது. உப்பு தொறந்து கெடக்குதே, அம்மா ஒண்டியா என்னா பண்ணும்? நீ ஓலைய தூக்குற ஆளா? எழுந்துட்டேன். சாரு வெளிய உட மாட்டேன்னாரு, இன்னும் முக்கா மணி நேரம் இருக்குதும்மான்னாரு. வயித்து வலின்னேன். பொம்பளப் புள்ள வயித்து வலின்னா அதுக்கு மேல கேக்க மாட்டாங்க. மேப்ப அப்பிடியே வெறுசா நூல் கோத்துக் குடுத்துட்டு ஓடியாந்தேன்."

இங்க் படாத சுடிதார் எனக்கு அப்போதுதான் புரிந்தது.

"ஏன் யாருகிட்டயும் சொல்லல?"

"பேஞ்சிருந்தா சொல்லியிருப்பேன்" என்றாள் அக்கா. "பெய்யலயே. ஒண்ணும் இல்லாததுக்கு ஓடியாந்தேன்னு அம்மாகிட்ட எப்பிடிச் சொல்றது? அன்னிக்கு அது என் மூஞ்சத் தொடச்சி விட்டுது, பாத்த இல்ல? சொன்னா அதோட அது சோறு துன்னுமா? மக்குன்னே நெனச்சிக்கட்டும்னு உட்டுட்டேன்."

"ஜூன்ல எழுதியிருக்கலாமே."

"எழுதும்போது மறுபடியும் இருட்டுனா?"

அவள் புடவைக்குள் வைக்கும் வெள்ளை அட்டை ஒன்றை எடுத்து, பில் போடும் பேனாவால், மேற்கில் தொடங்கி இந்தியாவின் கரையைக் கையெடுக்காமல் இழுத்தாள். வளைய வேண்டிய இடத்தில் வளைந்து, தென்முனையில் திரும்பி, கிழக்கே ஏறியது கோடு. துறைமுகங்களை வரிசையாகக் குத்தினாள். கடைசியாகக் கிழக்குக் கரையில், யாரும் கேட்காத இடத்தில், ஒரு சிறு புள்ளி.

"இத்தினி நேரம்தான்டி ஆயிருக்கும்" என்றாள். "அங்க கோடு போட்டே குடுப்பாங்க. புள்ளி மட்டும் வெச்சா போதும்."

ஒரு குடும்பம் உள்ளே வந்தது. அக்கா அட்டையை என் பக்கம் தள்ளிவிட்டு எழுந்தாள். "வாங்க, வாங்க. என்னா பாக்குறீங்க?"

விடுதி அறைக்கு வந்து, அந்தக் கோட்டின்மேல் எழுதாத பேனாவை அவள் வேகத்திலேயே ஓட்டி, நேரம் பார்த்தேன். புள்ளிகளோடு சேர்த்து ஐம்பது வினாடி. கருத்தரங்கன்று அந்த அட்டை என் குறிப்பேட்டுக்குள் இருந்தது. எனக்குத் தந்த இருபது நிமிடத்தில் அவள் அதை எத்தனை முறை வரைந்து முடித்திருப்பாள் என்று மனம் கணக்குப் போடத் தொடங்கியது. ஆறாவது நிமிடத்தில் நான் உட்கார்ந்துவிட்டேன்.